மிஷினில் உட்கார்ந்து குறுக்கு வலி: நானே அமுக்கிவிட்டுக்கொள்ள வழி உண்டா?

ஊசிநூல் (பவானி)

எல்லாருக்கும் வணக்கம். பதினோரு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். தீபாவளிக்கு முந்தின இந்த ஒரு மாதம், காலை ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி பத்தாகிறது. மூன்று வாரமாகக் குறுக்கு வலி. இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, இடது பக்கம், தொட்டுப் பார்த்தால் முறுக்கின கயிறு மாதிரி கெட்டியாக இருக்கிறது. எழுந்ததும் நாலு அடி கூன் போட்டுத்தான் நடக்கிறேன், அப்புறம் சரியாகிவிடுகிறது.

டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலை மடக்கி நீட்டச் சொன்னார். நரம்புக்கு ஒன்றுமில்லை, சதைப்பிடிப்புதான் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தீர்ந்த மறுநாளே வலி வந்துவிட்டது.

மாமியார் கணக்கில் இது வாய்வுப்பிடிப்பு. காலால் பிறந்தவர்கள் மூன்று தடவை மிதித்தால் போய்விடுமாம். பக்கத்துத் தெருவில் அப்படி ஒரு பையனைப் பிடித்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார். பையனுக்குப் பத்தொன்பது வயது, எடை எழுபது கிலோவுக்குக் குறையாது. நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தைலம் தேய்க்கலாம் என்றால் கை பின்னால் எட்டவில்லை. கட்டைவிரல் ஏற்கெனவே கத்தரி பிடித்து நோகிறது. இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல் செய்துகொள்ள ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பத்துசக்கரம் (நாமக்கல்)

அம்மிணி, நான் இருபத்தாறு வருடம் லாரி ஓட்டினவன். இடுப்பு வலியில் எனக்கும் அனுபவம் உண்டு. ஒரு தடவை நாக்பூர் போய் இறங்கினவன், வண்டியின் கதவைப் பிடித்தபடியே கால் மணி நேரம் நின்றேன். கிளீனர் பையன் சிரித்தான். இப்போது அவனும் டிரைவர், போன வாரம் எனக்குப் போன் போட்டு இதையேதான் கேட்டான்.

உங்கள் வீட்டில் டென்னிஸ் பந்து இருக்குமே, பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடுகிற பந்து. அது போதும். கார்க் பந்து வேண்டாம், எலும்பைப் பதம் பார்த்துவிடும். பழைய சாக்ஸுக்குள் பந்தைப் போட்டு, சாக்ஸின் நுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கீழே விழும், குனிந்து எடுக்கிறதற்குள் உயிர் போகும்.

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பாதத்தை ஊன்றி, முதுகுக்கும் சுவருக்கும் நடுவே பந்தை வையுங்கள். நடு எலும்பின் மேல் வைக்கவே கூடாது. எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, சதை மேட்டில் வைக்க வேண்டும். முட்டியைக் கொஞ்சம் மடக்கி நீட்டினால் பந்து தானாக மேலும் கீழும் உருளும். விலா எலும்புக்கு மேலே ஏற விடாதீர்கள். எங்கேயாவது ஒரு இடத்தில் ‘ஆ’ என்று இருக்கும். அங்கே நிறுத்தி, ஐந்தாறு மூச்சு விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பல்லைக் கடிக்கிற அளவுக்கு அழுத்தினால் சதை இன்னும் இறுகும்.

இனிமேல்தான் விஷயம். எனக்கு வலித்தது குறுக்கில், முடிச்சு இருந்ததோ புட்டத்தின் மேல்பக்கம், பேன்ட்டின் பின்பாக்கெட்டுக்குச் சற்று மேலே. ஆர்.சி. புக் நகல், டீசல் பில், நாலு மாநிலத்துச் சில்லறை எல்லாம் திணித்த பர்ஸின் மேல்தான் அத்தனை வருடமும் உட்கார்ந்திருந்தேன். பக்கவாட்டில் சுவரில் சாய்ந்து அந்த இடத்தில் பந்தை அழுத்தினபோதுதான் குறுக்கு விட்டது. நீங்களும் அங்கே தேடிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் போதும், ராத்திரியில் ஒரு தடவை. முதல் நாளே அரை மணி நேரம் அமுக்கிவிட்டு மறுநாள் அடிபட்ட மாதிரி கிடந்தவன் சொல்கிறேன்.

மாடித்தோட்டம்

பந்துக்கு முன்னால் ஒத்தடம் கொடுங்கள் அக்கா. கல் உப்பை வெறும் வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து, முதலில் முன்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு இடுப்பில் வையுங்கள். சர்க்கரை வியாதியில் தோல் மரத்திருந்தால் இது வேண்டாம். இன்னொன்று, தைலம் தேய்த்த இடத்தில் சூடு வைக்காதீர்கள். நான் வைத்தேன், கொப்புளம் வந்து பத்து நாள் குப்புறப் படுத்தேன்.

பிசியோ (கோவை)

நாமக்கல் அண்ணன் சொன்ன இடம் சரி. புட்டத்தின் மேல்பக்கத்துச் சதை இறுகினால் வலி குறுக்கில் தெரிவது வழக்கம்தான். ஊசிநூல் அக்கா, மோட்டார் பெடல் வலது காலில்தானே? அப்படியானால் நாள் முழுக்க எடையெல்லாம் இடது புட்டத்தில்தான் இறங்கும். உட்காருகிற விதத்தை மாற்றாமல் பந்தை மட்டும் உருட்டினால், ராத்திரி அவிழ்ந்த முடிச்சு காலையில் திரும்பவும் விழும்.

2023-இல் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. உடற்பயிற்சியோடு மசாஜுக்கும் அதில் இடம் உண்டு. இடுப்பு பெல்ட் வேண்டாம் என்கிறது. யாராவது பெல்ட் வாங்கச் சொன்னால் அந்தக் காசில் நல்ல செருப்பு வாங்கி நடங்கள். ஆஸ்திரேலியாவில் வலி வந்து குணமான 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024-இல் வெளியானது. நடைப்பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே திரும்பிவிட்டது.

கால் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுபடுவது, காய்ச்சலோடு வலி, இதில் எது வந்தாலும் பந்தை ஓரம் வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, உட்காருகிற இடம் உணர்வில்லாமல் ஆனாலோ காலை வரை காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. எலும்புத் தேய்மானம் உள்ள வயதானவர்கள், கர்ப்பிணிகள் கேட்காமல் செய்ய வேண்டாம். முதுகில் ஏறி மிதிப்பது யாருக்குமே வேண்டாம்.

ஊசிநூல் (பவானி)

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பெடல் வலது காலில்தான், எப்படிக் கண்டுபிடித்தீர்களோ! முடிச்சும் அண்ணன் சொன்ன இடத்திலேயே இருந்தது. முதல் நாள் அழுத்தினதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாலாம் நாள் அந்த இடத்தைத் தேட வேண்டியிருந்தது. ஸ்டூலுக்கு அடியில் பலகை வைத்து நாலு விரல் உயர்த்தினேன். ஒரு பிளவுஸ் முடிந்தால் எழுந்து வாசல் வரை போய் வருகிறேன். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் எழுந்ததும் கூன் போடுவதில்லை.

மாமியாருக்கு இன்னும் அந்தப் பையன் மேல்தான் நம்பிக்கை. ஆனால் நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன், கூடத்துச் சுவரில் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு அவரே நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. பிசியோ சார், அவர் இதைச் செய்யலாமா?

பிசியோ (கோவை)

வேண்டாம், எலும்பைப் பரிசோதித்த பிறகு பார்க்கலாம். அதுவரை உப்பு ஒத்தடம் போதும். பந்தை ஒளித்து வையுங்கள்.