மழைபெய்தால் 500 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி குளமாகாதா?

தக்கலை ஆசிரியை:
வணக்கம். ஒன்பதாம் வகுப்பில், சீனாவின் குய்சோ மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே அமைந்துள்ள 500 மீட்டர் விட்டமுள்ள ஃபாஸ்ட் ரேடியோ தொலைநோக்கியின் படத்தைக் காட்டினேன். "நம்ம ஊர்ல ரெண்டு பருவமழையும் கொட்டுமே, இப்படி ஒரு கிண்ணம் இங்க இருந்தா குளமாயிடாதா டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அசையாமல் தரையோடு கிடக்கும் அது வெவ்வேறு திசைகளை எப்படிப் பார்க்கிறது என்பதையும் என்னால் விளக்க முடியவில்லை. அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

குளச்சல் வாசகர்:
டீச்சர், அந்த மாணவியை அவசியம் பாராட்டுங்கள். கிண்ணத்தை மூடியுள்ள 4,450 அலுமினியத் தகடுகளிலும் சிறு துளைகள் நிறைந்திருப்பதால் மழைநீர் கீழே வடிந்துவிடுகிறது. அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் நிலம் அதை உள்வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் ரேடியோ அலைகளும் துளைகள் வழியே நழுவாதா என்று அவள் அடுத்துக் கேட்கக்கூடும். வலைக்கண்ணைவிடப் பெரிய மீன் தப்புவதில்லை அல்லவா? விண்வெளி ஹைட்ரஜன் உமிழும் அலையின் நீளம் 21 சென்டிமீட்டர். துளைகளோ அதைவிட மிகமிகச் சிறியவை.

திசையைப் பொறுத்தவரை, தகடுகளைத் தாங்கும் கம்பிவலையைக் கீழிருந்து 2,225 இழுவைக் கருவிகள் இழுத்தும் தளர்த்தியும், வேண்டிய இடத்தில் 300 மீட்டர் விட்டமுள்ள பரப்பை மட்டும் பரவளையமாக (அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கும் கிண்ண வடிவாக) வளைக்கின்றன. ஆறு கோபுரங்களிலிருந்து வடங்களில் தொங்கும் அலைவாங்கி அறை அந்தப் புள்ளியான குவியத்துக்கு நகர்ந்து செல்கிறது.

நாகர்கோவில் வாசகர்:
இவ்வளவு பெரிய பரப்பு தேவைப்படுவது, வந்துசேரும் சைகைகள் அவ்வளவு மெலிந்தவை என்பதால்தான். ஃபாஸ்ட் 1,000-க்கும் மேற்பட்ட துடிவிண்மீன்களை (வேகமாகச் சுழன்றபடி ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சார்களை) கண்டறிந்துள்ளது. அவற்றின் துடிப்பு கடிகாரம்போல் சீரானது என்பதால், துடிப்புகள் நுண்ணிய அளவில் முந்துவதையும் பிந்துவதையும் கொண்டு ஈர்ப்பலைகளை, அதாவது விண்வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வலைகளை, தேடுகிறார்கள். புவேர்ட்டோ ரிக்கோவின் 305 மீட்டர் அரெசிபோ தொலைநோக்கியில் 1974-இல் வானியலாளர்கள் ஹல்ஸும் டெய்லரும் கண்ட இரட்டைத் துடிவிண்மீன்தான் ஈர்ப்பலைகளுக்கு முதல் மறைமுகச் சான்றாகி, 1993-இல் அவர்களுக்கு நோபல் பரிசைப் பெற்றுத்தந்தது. அந்த அரெசிபோ 2020 டிசம்பர் 1-இல் இடிந்து விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

வடிவத்தில் வேறானாலும், நம் ஊட்டித் தொலைநோக்கியையும் வகுப்பில் சொல்லுங்கள். இந்திய ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் அமைத்து 1970 முதல் இயங்கும் அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. ஊட்டியின் அட்சரேகையான 11 பாகைக்குச் சமமான சரிவுள்ள மலையைத் தேடி வடக்கு தெற்காக நிறுவியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது; அந்த ஓர் அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம்.

தக்கலை ஆசிரியை:
மிக்க நன்றி. அப்படியானால் நம் மாவட்டத்தில் அமைக்க 8 பாகைச் சரிவு வேண்டும், சரிதானே?

நாகர்கோவில் வாசகர்:
சரிதான் டீச்சர். துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 8 பாகை உயரத்தில், நீட்டிய கையின் முஷ்டியளவுக்குச் சற்றுக் குறைவாக, நிற்பதும் அதே கணக்கால்தான்.