திருடன் மே மாதத்தில்தான் வருவானா?

எம்.ஏ. குற்றவியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் காரைக்குடி பக்கம். ஊரில் இதைச் சொன்னால் வருகிற முதல் கேள்வி, "எஸ்.ஐ. தேர்வுக்கா தம்பி?" அடுத்தது, "கைரேகையெல்லாம் எடுப்பீகளா?" கைரேகை தடய அறிவியல்காரர்கள் வேலை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

ஆய்வுக்குப் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளில் நடக்கும் திருட்டை எடுத்துக்கொண்டேன். திருட நினைப்பவன், திருடத் தகுந்த பொருள், காவல் இல்லாமை மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் குற்றம் என்று கோஹன், ஃபெல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1979-இல் சொன்னது நம்ம ஊருக்கே எழுதியது போல இருந்தது. அனுமதி வாங்கிப் பழைய புகார்களைப் பார்த்து, மாதவாரியாகக் கட்டம் போட்டேன். மே மாதம் தூக்கலாக நின்றது. கோடையில் திருட்டு அதிகம் என்று நான்கு பக்கம் எழுதியும் விட்டேன்.

அப்புறம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் பேசினேன். முற்றத்தைப் பெருக்கிக்கொண்டே சிரித்தார். "லீவுக்கோ, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ வந்து கதவைத் திறந்தாத்தான தம்பி போனது தெரியும்? களவாண்டு எட்டு மாசம் ஆயிருக்கும்." முகப்பில் பெரிய பூட்டு இரண்டு, பின்கட்டுக் கதவுக்கு ஒரு கம்பிக் கொண்டி. பித்தளை அண்டா எத்தனை இருந்தது என்று பட்டியல் கிடையாது. பங்காளிகள் பதினோரு பேர். இன்னொருத்தர் எடுத்துப் போயிருப்பார் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வார்களாம். நான் எண்ணியது திருட்டை அல்ல, கதவு திறந்த நாளை. நான்கு பக்கமும் குப்பைக்குப் போனது.

இந்தத் துறையில் வேலைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பதில், தேவகோட்டை அக்கா:

தம்பி, நான் சிறார் வழக்குகளில் பையனின் குடும்பம், சூழல் பற்றிய சமூக விசாரணை அறிக்கை எழுதும் வேலையில் இருக்கிறேன். ஒப்பந்தப் பணிதான், சம்பளத்தைப் பெரிதாகச் சொல்ல முடியாது. ஆனால் நீ செய்த வேலைதான் இங்கே தினமும். பையனின் வீட்டுக்குப் பகலில் போனால் அம்மா கூலிக்குப் போயிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான் அறிக்கையாகிவிடும். சாயங்காலம் திரும்பப் போ. 21 வயதுக்குள் இருப்பவர்களுக்கு சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுகிற 1958-ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்திலும் இப்படி அறிக்கை கேட்பார்கள். சிறார் வழக்கில் பேர், ஊர் எதுவும் வெளியே வரக் கூடாது, சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. எனக்குத் தெரிந்த ஒரு பயிற்சி மாணவி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டு மாட்டிக்கொண்டாள்.

கற்பிக்க ஆசை இருந்தால் யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாகவே இருக்கிறது, இப்போதே எழுதிப் பார். அந்த நான்கு பக்கத்தையும் தூக்கிப் போடாதே. எங்கே தப்பினாய் என்று ஆய்வேட்டிலேயே எழுது. நேர்முகத் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள், என்னிடம் கேட்டார்கள்.