எம்டன் சுட்ட பீரங்கித் தோட்டா உறையா? அடையாளம் காண உதவுங்கள்

பரண்வீடு: எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பொருள்களில் ஒரு பித்தளை பீரங்கி உறை இருக்கிறது. அடியில் ஜெர்மன் எழுத்துகள் தெரிகின்றன. முதல் உலகப் போரில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியபோது விழுந்தது என்று வீட்டில் சொல்வார்கள். வரும் வாரம் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டியிருப்பதால் விரைவாகச் சொல்லுங்கள்.

பித்தளைப்பிரியன்: உயரம் எவ்வளவு? வாயின் உள்விட்டம் எவ்வளவு? அடியில் உள்ள எழுத்துகளை அப்படியே எழுதுங்கள். நடுவில் இருக்கும் பிரைமர் திருகில், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் பகுதியில், ஊசி குத்திய பள்ளம் உண்டா என்பதையும் பாருங்கள். பள்ளம் இல்லையென்றாலோ, வாயில் குண்டு செருகியிருந்தாலோ, அதைத் தொடாமல் காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

கடலோரன்: இது எம்டனுடையதுதான். 1914 செப்டம்பர் 22 இரவு அதன் 10.5 செ.மீ. பீரங்கிகள் ஏறத்தாழ 130 குண்டுகளைப் பொழிந்து, துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளை எரித்தன. சென்னையில் ஜெர்மன் உறை வேறெப்படிக் கிடைக்கும்?

கோட்டைவாசி: இந்த அடிப்படையை இங்கே எத்தனை முறை விளக்குவது? சுட்டதும் குண்டு மட்டுமே பறக்கும். உறை பீரங்கியின் பின்புறமாக வெளியேறிக் கப்பலின் தளத்திலேயே கிடக்கும். நகரத்தில் விழுந்தவை குண்டுகளும் அவற்றின் சிதறல்களுமே. பீரங்கி இயங்கும் முறையைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

மினுக்கி: புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் எழுத்துகள் பளிச்சென்று தெரியும்.

பித்தளைப்பிரியன்: தயவுசெய்து தேய்க்காதீர்கள். ஆலைப் பெயரும் மாதமும் ஆண்டும் அடித்தட்டில் மெல்லிய பதிவாக இருக்கின்றன. தேய்க்கத் தேய்க்க மழுங்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்தாலே படிக்க முடியும்.

மினுக்கி: களிம்பேறியதைக் கண்காட்சியில் வைத்தால் யார் பார்ப்பார்கள்? எங்கள் வீட்டுக் குத்துவிளக்கை மூன்று தலைமுறையாகத் தேய்க்கிறோம், எதுவும் அழியவில்லை.

பித்தளைப்பிரியன்: குத்துவிளக்கில் அழியக்கூடிய எழுத்து இல்லை, நண்பரே. இதற்கு இருக்கும் ஒரே சான்று அந்த எழுத்துதான்.

பரண்வீடு: தேய்க்கவில்லை. உயரம் ஏறக்குறைய 22.7 செ.மீ., வாய் 7.7 செ.மீ. ‘பட்ரோனன்ஃபாப்ரிக் கார்ல்ஸ்ரூஹே’, ‘மை 1917’ என்று இருக்கிறது. திருகில் பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. உள்ளே காலி.

பித்தளைப்பிரியன்: அப்படியானால் ஐயமில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படை பரவலாகப் பயன்படுத்திய 77 மி.மீ. களப்பீரங்கியின், அதாவது 1896 மாதிரியின் திருத்திய வடிவத்தின், சுடப்பட்ட உறை இது. கார்ல்ஸ்ரூஹே தோட்டா ஆலையில் 1917 மே மாதம் செய்யப்பட்டது. எம்டனோ 1914 நவம்பர் 9 அன்றே கொக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் தோற்றுத் தரைதட்டிவிட்டது. 1917இல் இந்தியக் குதிரைப்படையினரும் தொழிலாளர் படையினரும் பிரான்சில் இருந்தார்கள். போர் முடிந்து திரும்பிய வீரர்கள் இத்தகைய உறைகளை நினைவுப் பொருளாகக் கொண்டுவருவது வழக்கம். கொள்ளுத்தாத்தா எந்தப் படையில், எங்கே இருந்தார்? பக்கவாட்டில் பெயரோ பூவேலையோ செதுக்கியிருக்கிறதா?

கடலோரன்: ஆண்டைப் பார்த்தபின் எனக்கும் மறுப்பில்லை.

பரண்வீடு: மிக்க நன்றி. குறிப்பு அட்டையில் எம்டன் பெயரை நீக்கச் சொல்லிவிட்டேன்.

பித்தளைப்பிரியன்: மகிழ்ச்சி. பக்கவாட்டைப் பற்றிக் கேட்டிருந்தேனே?