பி.ஆர். (மக்கள் தொடர்பு) வேலைக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி எடுத்தவங்க இருக்கீங்களா?

கோவையில் பி.ஆர். வேலை பார்க்கிறேன். முதல் பயிற்சி அம்மிச்சி வீட்டில்தான்: சீட்டுப் பணம் கேட்டு ஆள் வந்தால் "அப்புச்சி சந்தைக்குப் போயிருக்காருங்க" என்று வாசலிலேயே உட்காரவைத்து, மோர் கொடுத்து, சிரித்தபடி அனுப்பிவிட வேண்டும். அதற்குள் உள்ளே அப்புச்சி இருமிவிடக் கூடாது. உங்களுக்கு எப்படிங்க?

நொய்யல்கரை: எனக்குக் கல்யாணப் பந்தி. ரசம் தீர்ந்ததும் மாமா என்னைத்தான் அனுப்புவார், "ரசம் கொதிக்குதுங்க, சூடா வருது" என்று சொல்ல.

காங்கேயத்தான்: அப்பாருவோடு கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போவேன். துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேரம் நடக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும் விலை தெரியாது. முட்டுகிற காளையைப் பற்றி யாராவது கேட்டால் "நல்ல சுறுசுறுப்புங்க" என்பது என் பொறுப்பு.

பழைய நிருபர்: எல்லாரும் மறைக்கத்தான் பழகியிருக்கிறீர்கள். 1906-இல் அமெரிக்காவில் ரயில் விபத்து நடந்தபோது, பி.ஆர். தொழிலின் முன்னோடி ஐவி லீ, ரயில்வே கம்பெனி சார்பில் நிருபர்களை அந்த இடத்துக்கே வரவழைத்து, கேட்கும் முன்பே விவரத்தை எழுதிக் கொடுத்தார். இந்தத் தொழில் வளர்ந்ததே அப்படித்தான்.

காங்கேயத்தான்: சரிங்க, முட்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் காளையை யாருங்க வாங்கியிருப்பாங்க?