சில்வராடோ வி8: எட்டாவது ஸ்பார்க் பிளக்கை எப்படிக் கழற்றுவது?

வணக்கம் நண்பர்களே. டொராண்டோவில் இருக்கிறேன். வண்டி 2008 செவ்ரோலே சில்வராடோ பிக்கப், 5.3 லிட்டர் வி8 எஞ்சின். 1,60,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டதால் பிளக் மாற்ற உட்கார்ந்தேன். ஏழு வந்துவிட்டன, எட்டாவதுதான் அசைய மறுக்கிறது.

பயணி பக்கம் கடைசி சிலிண்டர், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) ஒட்டி இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பிளக்கே தெரியாது. விரலால் தடவித்தான் இடம் பிடிக்கணும். ஒயர் முனையில் இருந்த இரும்புக் கவசத்தை ஒருவழியாகத் திருகி எடுத்துவிட்டேன். 5/8 அங்குல சாக்கெட் சரியாக உட்காருகிறது, ஆனால் சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி ஒரு பல் திரும்பக்கூட இடமில்லை. பிளக் பொருந்தும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் பெரிய செலவு. அதனால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் கை வைக்கிறேன், முரட்டுத்தனமாகத் திருகவும் பயம்.

முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பை எடுத்துவிட்டு அந்த வழியாகப் போகலாம் என்கிறார்கள். செய்தவர்கள் யாராவது உண்டா? எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நீளம் வேண்டும், வளையும் ஜாயின்ட்டை எந்த முனையில் போட்டீர்கள்? துரு இளக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க விட்டால் பலன் இருக்குமா?

அப்புறம், புது பிளக்கின் மரையில் ஆன்ட்டி-சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காமல் இருக்கத் தடவும் பசை) தடவச் சொல்கிறார்கள் சிலர். மரையில் ஏற்கெனவே உலோகப் பூச்சுள்ள பிளக்குக்கு அது வேண்டாம், அளவுக்கு மீறி இறுகிவிடும் என்று பிளக் தயாரிப்பவர்களே சொல்கிறார்கள்; எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் 15 நியூட்டன் மீட்டர்தான் இறுக்க வேண்டும், அந்தச் சந்தில் டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) நுழையாது. கைக்கணக்கில் எப்படி நிறுத்துகிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், படம் இருந்தால் இன்னும் நல்லது.