செக்காலை நம்ம தெரு குழு: பணியாரம் எப்போது அனுப்புவது?

வெள்ளி, 3 ஏப்ரல் 2026

உமையாள் ஆச்சி: அருள் தம்பி, ஈஸ்டருக்கு வெள்ளைப் பணியாரம் சுடலாம் என்று இருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் நாளை சாயங்காலமே கொடுத்தனுப்பவா? ஆறினால் விறைத்துப் போகும்.

அருள்: நாளை வேண்டாம் ஆச்சி. இன்று பெரிய வெள்ளி, ஒரு வேளைதான் சாப்பாடு. நாளையும் நடு இரவுப் பூசை முடியும் வரை எங்கள் வீட்டில் பலகாரம் தொடமாட்டோம்.

கண்ணன்: அண்ணே, இன்றைக்கு உங்கள் சர்ச் மணியே கேட்கவில்லையே, ரிப்பேரா?

அருள்: ரிப்பேர் இல்லைப்பா. நேற்று மாலைப் பூசையில் ‘உன்னதங்களிலே’ பாடும்போது அடித்ததோடு சரி. நாளை இரவு அதே பாட்டுக்குத்தான் மறுபடி அடிக்கும். அதுவரை மரக்கட்டையைத் தட்டுவதுதான்.

அருள்: நாளை இரவு வந்து பார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு வெளியே நெருப்பு மூட்டுவார்கள். சாமியார் பாஸ்கா திரியில், அதாவது ஈஸ்டருக்கான பெரிய மெழுகுவர்த்தியில், சிலுவை கீறி, நாலு பக்கமும் 2, 0, 2, 6 என்று எழுதி, ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். அப்புறம் அந்த நெருப்பில் திரியை ஏற்றி இருட்டுக்குள் கொண்டு போவார். அதிலிருந்து ஒருவர் கையிலிருந்து ஒருவருக்கு மெழுகுவர்த்தி பற்றிக்கொண்டே போகும். கிறிஸ்துமஸைவிட எங்களுக்கு இந்த ராத்திரிதான் பெரிது. ஸ்டாரும் குடிலும் இல்லாததால் தெருவுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஜெபா டீச்சர்: எங்கள் சி.எஸ்.ஐ. சர்ச்சில் நடு இரவு கிடையாது ஆச்சி. ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு ஆராதனை. மகதலேனா மரியாள் கல்லறைக்குப் போனது இருட்டோடு என்றுதானே யோவான் எழுதியிருக்கிறார். ஆறரைக்கு வீட்டில் இருப்போம், சூடாக அனுப்புங்கள் 😊

தானியேல்: எங்கள் சபையில் லெந்து நாட்களே, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களே, இல்லை. பணியாரம் இன்றைக்கு வந்தாலும் சரிதான் ஆச்சி 😀

உமையாள் ஆச்சி: உன்னைத் தெரியாதா எனக்கு.

நர்ஸ் ஷீபா: ஆச்சி, மாவில் பால் விடுவீர்களா?

உமையாள் ஆச்சி: ஒரு கை விடுவேன். இல்லாவிட்டால் வெள்ளையாக வராதே. ஏன்ம்மா?

நர்ஸ் ஷீபா: எங்களுக்கு ஈஸ்டர் வரை ஐம்பது நாள் நோன்பு. இறைச்சி, மீன், முட்டையோடு பாலும் கிடையாது. நேற்று பெரிய வியாழன் இரவுக்கான பெசஹா அப்பம்கூடப் புளிக்காத மாவில் செய்ததுதான். அப்பா ஜெபம் சொல்லிப் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தார். ஞாயிறு அதிகாலை எங்கள் சர்ச்சில் கும்பிட்டு வந்துதான் நோன்பு விடுவோம்.

கண்ணன்: அக்கா, நீங்கள் ஆர்த்தடாக்ஸ் ஆச்சே? ரஷ்யாவில் ஈஸ்டர் 12ஆம் தேதி என்று படித்தேன்.

நர்ஸ் ஷீபா: ரஷ்யா, எத்தியோப்பியா எல்லாம் பழைய ஜூலியன் காலண்டர் கணக்கு. அது இப்போது 13 நாள் பின்தங்கி இருக்கிறது. கேரளத்தில் எங்கள் மலங்கரை சபை உங்களோடு 5ஆம் தேதிதான்.

ஜெபா டீச்சர்: எல்லாரும் ஒரே ஞாயிறு கொண்டாட வேண்டும் என்று 325இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கத்திலேயே முடிவெடுத்தார்கள். இன்னும் சேர்ந்தபாடில்லை! போன வருஷம் 20 ஏப்ரல் ரெண்டு பேருக்கும் ஒன்றாக அமைந்தது. இந்த வருஷம் மறுபடி பிரிந்தாயிற்று.

உமையாள் ஆச்சி: அது சரி, தீபாவளி, பொங்கல் மாதிரி காலண்டரில் ஒரு இடத்தில் நில்லாமல் மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் ஏன் அலைகிறது?

அருள்: தீபாவளியும்தான் அலைகிறது ஆச்சி 😀 மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதை அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே எங்கேயும் வரும்.

உமையாள் ஆச்சி: பங்குனிப் பௌர்ணமி கழிந்த ஞாயிறு என்று சொல்லேன். இதற்கா இத்தனை சுற்று! குன்றக்குடியில் உத்திரக் காவடி இப்போதுதானே இறங்கியது.

அருள்: அநேகமாக அப்படித்தான். ஆனால் 2022இல் சித்திரைப் பௌர்ணமிக்கு மறுநாள் வந்தது. அடுத்த வருஷம் மார்ச் 28.

உமையாள் ஆச்சி: சரி, ஞாயிறு ஆறு மணிக்குச் சட்டி வைக்கிறேன். முதல் ஈடு டீச்சருக்கு, அடுத்தது ஷீபாவுக்கு. அருள் வீட்டில் விழித்திருந்த களைப்பில் தூங்குவார்கள், எட்டு மணிக்கு மேல். மிளகாய்த் துவையலுக்குக் கிண்ணம் நீங்களே கொண்டு வாருங்கள், என் கிண்ணம் எதுவும் திரும்பி வருவதில்லை.

கண்ணன்: ஆச்சி, எங்கள் வீட்டுக்கு?

உமையாள் ஆச்சி: மாவு ஆட்ட நாளைக்கு வந்து கிரைண்டரைத் தூக்கி இறக்கு. அப்புறம் பார்க்கலாம்.