கலைச்சொல் விவாதம்: தலைவிளக்கா, நெற்றிவிளக்கா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் சிலர் மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள குனோங் ஜெராய் மலையில் ஏற இருக்கிறார்கள். எங்கள் ஊரான பீடோங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படும் அந்த மலையின் உயரம் 1,217 மீட்டர். இங்கே சூரியன் ஏழு மணிக்குப் பிறகே எழுவதால், ஐந்து மணிக்கு நடக்கத் தொடங்குகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இருட்டில் நடக்க வேண்டும். ஆகவே ஆளுக்கொரு விளக்கு, தலையில் வாரால் கட்டிக்கொள்ளும் வகையில், வாங்கியாக வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது என்று ஒரு பக்க அளவில் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பொருளுக்குப் பெயர் இல்லை. சென்ற வாரம் இங்கே கேட்டேன், நீங்கள் ஆளுக்கொரு சொல் தந்தீர்கள். என் முடிவையும் அதற்கான காரணங்களையும் இம்மடலில் எழுதுகிறேன்.

கிள்ளான் நண்பர் முன்மொழிந்த ‘தலைவிளக்கு’ பலருக்கும் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஹெட்லேம்ப்’பிலும் தலை, மலாயின் ‘லம்பு கெப்பாலா’விலும் தலை, எனவே தமிழிலும் தலையே இருக்கட்டும் என்பது அவர் வாதம். எனக்கு இதில் இரண்டு தடைகள் உண்டு. தமிழில் ‘தலை’ என்பது வேறொரு பெயருக்கு முன்னால் வந்து ஒட்டும்போது உறுப்பைக் காட்டுவதைவிட முதன்மையைக் காட்டுவதே மிகுதி. தலைநகர், தலைவாசல், தலைமகன், தலைத்தீபாவளி ஆகிய எதிலும் யாருடைய தலையும் இல்லை. கோயில் விழாக் குறிப்பில் ‘தலைவிளக்கு’ என்று படித்தால், வரிசையில் முதலில் ஏற்றும் விளக்கு என்றே நான் எடுத்துக்கொள்வேன். தலையணையும் தலைப்பாகையும் இருக்கின்றனவே என்று நண்பர் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒன்று தலை முழுவதையும் தாங்குகிறது, மற்றொன்று தலை முழுவதையும் சுற்றுகிறது. நம் விளக்கு இருப்பது இரண்டு புருவங்களுக்குச் சற்று மேலே மட்டும். இரண்டாவது தடை இன்னும் நடைமுறையானது. ஆங்கிலச் சொல் மகிழுந்தின் முன்னால் எரியும் விளக்கையும் சேர்த்தே குறிக்கிறது. தமிழில் அதற்கு ‘முகப்பு விளக்கு’ என்று நாம் முன்பே தனிப்பெயர் வைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் உள்ள குழப்பம் தமிழில் இல்லாதபோது, சொல்லுக்குச் சொல் பெயர்த்து அதை நாமே விலைக்கு வாங்குவானேன்?

சுங்கைப்பட்டாணி ஐயா ‘நுதல்விளக்கு’ என்றார். நன்னுதல், வாள்நுதல் என்று சங்கப் பாடல்களில் பழகிய சொல். நாவுக்கும் இனிமையாக இருக்கிறது. ஆனால் அச்சொல்லுக்குப் பாட்டில் வாய்த்த வேலை பெரும்பாலும் தலைவியின் நெற்றியைப் புகழ்வதே. வியர்வை வழிய, அட்டை கடித்த காலோடு மலையேறுகிற ஒருவரின் நெற்றிக்கு அதைச் சூட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மாணவர்களுக்கு முதலில் நுதல் என்றால் என்னவென்று விளக்கி, அதன் பிறகு விளக்கை விளக்க வேண்டிய நிலையும் வரும்.

இளைஞர் ஒருவர் ‘நெற்றிக்கண்’ என்றே வைத்துவிடலாம் என்று எழுதியிருந்தார். வேடிக்கையாகச் சொன்னாரோ என்னவோ, அதில் ஓர் உண்மை இருக்கிறது. இவ்விளக்கை அணிந்தவர் பேசுவதற்காக முகம் திருப்பினால், எதிரில் இருப்பவர் நக்கீரர் பட்ட பாட்டைப் படுகிறார். பார்க்கும் திசையிலேயே ஒளி பாய்வது இதன் வசதி, அதுவே இதன் குற்றமும். எனினும் கண் என்பது ஒளியை வாங்குவது, விளக்கு ஒளியைத் தருவது. கருவிக்குப் பெயராக அது நிற்காது.

எஞ்சியது ‘நெற்றிவிளக்கு’. இதை நான் உருவாக்கியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது, ஏனென்றால் இது எங்கள் வீட்டிலேயே இருந்த சொல். என் அம்மா பீடோங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பெரட்டு என்னும் காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து, தனக்குரிய மரவரிசையான நிரைக்குப் போகும்போது அவர் கட்டிக்கொண்டு போனதை ‘நெத்தி லைட்டு’ என்பார். பக்கத்து வீட்டில் ‘மண்டை லைட்டு’ என்றார்கள். அதற்கு முந்திய தலைமுறை கார்பைட் விளக்கை அணிந்தது. மேலறையிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாகக் கீழறையிலுள்ள கால்சியம் கார்பைடு மீது விழ, அதிலிருந்து எழும் அசிட்டிலீன் வாயு சிறு துளை வழியே வந்து, குழிந்த தகட்டின் முன் எரியும். அந்தக் கட்டிகளுக்கென்று ஒரு பூண்டு வாடை உண்டு. அது கலப்பால் வருவது, தூய அசிட்டிலீனுக்கு இல்லை. பாட்டி வீட்டுப் பின்கட்டில் பழைய டின் ஒன்றைத் திறந்தபோது வந்த அந்த வாடை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

பால்வெட்டுக்கு விடியுமுன் போவதற்குக் காரணம், அந்த நேரத்தில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருந்து பால் நெடுநேரம் வடியும் என்பது. கத்தியைப் பிடித்து இழுக்க இரண்டு கைகளும் வேண்டும் என்பதால் கைவிளக்கு உதவாது. பட்டையைச் சீவும் ஆழமோ, உள்ளேயுள்ள வளர்படலத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் முன்பாக நின்றுவிட வேண்டும். தாண்டினால் மரத்தில் காயம் படும், மேற்பார்வை பார்க்கும் தண்டலிடம் ஏச்சும் விழும். ஆகவே அவர்களுக்குத் தேவைப்பட்டது நெடுந்தூரம் பாயும் ஒளி அன்று. ஒரு முழத் தொலைவில், பட்டையின் நிறமாற்றத்தை உள்ளபடி காட்டும் ஒளி. விளக்கு வாங்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நினைக்கிறேன்: எவ்வளவு வெளிச்சம் என்பதற்கு முன்னால், எதைப் பார்ப்பதற்கு?

நான் ‘நெற்றி’யை வலியுறுத்துவதற்குப் பரம்பரைப் பாசம் மட்டும் காரணம் அன்று. இக்கருவியின் குணங்கள் பலவும் அது கண்ணுக்கு மிக அருகே இருப்பதிலிருந்தே பிறக்கின்றன. ஒளி புறப்படும் இடமும் பார்வை புறப்படும் இடமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பொருள்களின் நிழல் அவற்றுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வேரும் கல்லும் பள்ளமும் ஒரே சமதளம் போலத் தெரிந்து காலை இடறிவிடும். ஜெராயின் மேல்பகுதியில் மூடுபனி இறங்கிவிட்டால், நீர்த்துளிகளில் பட்ட ஒளி நேரே கண்ணுக்குத் திரும்பி, முன்னால் வெள்ளைத் துணி கட்டியது போலாகிவிடும். அப்போது விளக்கைக் கழற்றி இடுப்பளவில் பிடித்து நடந்தால் வழியும் தெரியும், நிழலும் திரும்பி வரும். இதைத் தலைவிளக்கு என்ற பெயரை வைத்துக்கொண்டும் கற்பிக்கலாம்தான். ஆனால் நெற்றிவிளக்கு என்றால் பாதிப் பாடம் பெயரிலேயே இருக்கிறது. இடுப்பில் பிடித்த பிறகும் அது நெற்றிவிளக்குத்தானா என்று யாரேனும் கேட்டால், காலமெல்லாம் சட்டைப்பையில் கிடப்பதைக் கைக்குட்டை என்கிறோமே என்று பதில் சொல்வேன்.

இனித் துணைச் சொற்கள். கட்டும் பட்டையை ‘நெற்றிப்பட்டை’ என்று எழுதிப் பார்த்தேன், திருநீறு நினைவுக்கு வந்தது. ‘தலைவார்’ என்று எழுதினேன், சீப்பைத் தேடத் தோன்றியது. வெறும் ‘வார்’ என்றே விட்டுவிடலாம். அகலமாக விரியும் ஒளிக்குப் ‘பரவொளி’, ஒடுங்கித் தொலைவில் விழும் ஒளிக்குக் ‘குவியொளி’. விளக்கு தரும் மொத்த ஒளியை அளக்கும் லூமென், ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவை அளக்கும் கேண்டெலா ஆகிய அலகுகளின் பெயர்களை நாம் தமிழாக்க வேண்டியதில்லை.

பொதியுறையில் அச்சாகியிருக்கும் ‘100 மீட்டர்’ என்ற எண்தான் வாங்குகிறவரைப் பெரிதும் ஏமாற்றுகிறது. 2009இல் வெளிவந்த எஃப்.எல்.1 என்னும் அமெரிக்கத் தர அளவையின்படி, விளக்கின் ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறைந்துவிடும் தொலைவே அது. அதாவது, தெளிந்த வானத்து முழுநிலவின் வெளிச்சம் அளவுக்கு. 2,500 கேண்டெலா உள்ள விளக்குக்கு அது சரியாக 100 மீட்டரில் வரும். அங்கே நிற்பது ஆளா மரமா என்று ஊகிக்கலாம், அவ்வளவே. இதற்கு ‘வீச்சு’ என்பதைவிட ‘நிலவெல்லை’ என்பது பொருத்தம் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் அளவையின் பொருள் அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

இதேபோல் ‘40 மணி நேரம் எரியும்’ என்பதற்கும் ஓர் உள்ளர்த்தம் உண்டு. விளக்கை ஏற்றி 30 வினாடி கழித்து இருந்த ஒளியில் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரைக்குமான நேரம் அது. 300 லூமெனில் தொடங்கியது 30 லூமெனுக்கு இறங்கினாலும் அந்தக் கணக்கில் இன்னும் ‘எரிந்துகொண்டே’ இருக்கும். எனவே ‘எரிநேரம்’ என்ற சொல்லை விட்டு, தேய்பிறையை நினைவூட்டும் ‘தேய்நேரம்’ என்பதை முன்வைக்கிறேன்.

நிறத்தை உள்ளபடி காட்டும் திறனுக்கு ‘நிறமெய்ம்மை’ என்று வைக்கலாமா? சூரிய ஒளியை 100 எனக் கொண்டால், மலிவான எல்.இ.டி. விளக்குகள் 70ஐ ஒட்டி நிற்கும். 90ஐத் தாண்டியவற்றில் ஈர வேரும் சேறும் பழுத்த இலையும் தனித்தனியே தெரியும். சிவப்பு ஒளியைப் பற்றி ஒரு வரி போதும்: இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், மங்கிய சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது, எதிரில் இருப்பவரையும் சுடாது. மழைக்கு ஐ.பி.எக்ஸ்.4 தரம் போதுமானது. எப்பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும். ஆற்றில் விழுந்தாலும் பிழைக்க வேண்டுமானால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.7 வேண்டும்.

மின்கலத்தில் ‘18650’ என்ற பெயரை நான் வியந்து பார்க்கிறேன். விட்டம் 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர், கடைசிச் சுழியம் உருளை வடிவம். பெயரே அளவுகோலாகிவிட்டது, கலைச்சொல் ஆக்குகிறவர்கள் பொறாமைப்பட வேண்டிய சிக்கனம்.

கடைசியாக, எனக்குச் சொல் அகப்படாத ஒன்று. பையில் கிடக்கும்போது பொத்தான் தானே அழுந்தி விளக்கு எரிந்துவிடாமல் தடுக்கும் அமைப்பு பல விளக்குகளில் உண்டு. அது இல்லாத ஒன்றை நான் வாங்கியிருந்தேன். இரவெல்லாம் பைக்குள் எரிந்து, மலையடிவாரத்தில் காலை ஐந்து மணிக்கு எடுத்தபோது அது வெறும் நெற்றி அணியாக இருந்தது. அந்த அமைப்பை என்னவென்று அழைப்பது?

பீடோங்கிலிருந்து, அன்புடன்.

———

சுங்கைப்பட்டாணியிலிருந்து மறுமொழி

அன்புள்ள தம்பிக்கு வணக்கம்.

நுதலை விட்டுக்கொடுக்கிறேன். அட்டை கடித்த காலைப் படித்த பிறகு எனக்கே அது பொருந்தவில்லை. நெற்றிவிளக்கு என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள். பிரித்து எழுதினால் நெற்றிக்கு ஏதோ விளக்கம் தருவது போலவும் படிப்பார்கள்.

நிலவெல்லை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘தேய்நேரம்’ எனக்கு உடன்பாடில்லை. கடையில் நின்று பொதியுறையைப் படிக்கிறவருக்குத் தேய்பிறை நினைவுக்கு வராது, தேய்மானம்தான் வரும். பொருளே இத்தனை மணி நேரத்தில் தேய்ந்து பழுதாகிவிடுமோ என்று அவர் அஞ்சி, நல்ல விளக்கை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்கக்கூடும். ‘ஒளிர்நேரம்’ என்று நேராக எழுதி, அளக்கும் முறையை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். எல்லா உண்மையையும் ஒரே சொல்லில் ஏற்றினால் சொல் நொண்டும்.

பொத்தானுக்குத் தாழ் போடுவதுதானே நீங்கள் கேட்பது? ‘பொத்தான்தாழ்’ என்றால் என்ன? பூட்டு என்றால் சாவியைத் தேடுவார்கள்.

———

பீடோங்கிலிருந்து மீண்டும்

ஐயாவுக்கு வணக்கம்.

தேய்மானம் எனக்குத் தோன்றவே இல்லை, மாற்றிவிட்டேன். பக்கத்தில் இப்போது ‘ஒளிர்நேரம்’ என்றும், அதற்குக் கீழே ‘தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை’ என்றும் இருக்கிறது. ‘பொத்தான்தாழ்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். சில விளக்குகளில் பொத்தானை மூன்று வினாடி அழுத்திப் பிடித்தால் தாழ் விழும், சிலவற்றில் மின்கல மூடியைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். இரண்டுக்கும் ‘தாழிடுதல்’ என்ற வினை பொருந்துகிறது, ‘பூட்டுதல்’ இரண்டாவதற்குப் பொருந்தியிருக்காது.

கிள்ளான் நண்பர் இன்னும் தலைவிளக்கை விடவில்லை என்று தனிமடலில் எழுதியிருக்கிறார். அச்சுக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். அதற்குள் நெற்றிவிளக்கின் மேல் புதிய தடை எதுவும் வராவிட்டால் அதையே தலைப்பாக வைக்கிறேன். அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். ‘லைட்டு’ எங்கே போனது என்று மட்டும் கேட்டார்.